தங்கையின் எம்எஸ் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய்க்குத் தங்கை எடுக்கும் ஃபிங்கோலிமோட் மாத்திரை கட்டுப்படியாகவில்லை, இந்த மாதம் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோ, அதைச் சட்டென்று விட்டால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். என் மனைவிக்கும் இதே நிலைதான், வளையலை அடகு வைத்த ரசீது இன்னும் மருந்துச் சீட்டோடு பின் போட்டபடியே கிடக்கிறது. அப்புறம்தான் நரம்பியல் மருத்துவரிடம் கையில் காசில்லை என்று வாய்விட்டுச் சொன்னோம். அவர் பிராண்ட் பெயரை அடித்துவிட்டு ஜெனரிக், அதாவது அதே மருந்தின் விலை குறைந்த வடிவத்தை எழுதிக் கொடுத்தார். ரிட்டுக்சிமாப் என்ற, நரம்பில் ஏற்றும் மருந்து சரிவருமா என்றும் கேளுங்கள், 2023இல் உலக சுகாதார நிறுவனம் அதை எம்எஸ்ஸுக்கான அத்தியாவசிய மருந்தாகச் சேர்த்தது, இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் (மூல மருந்தை ஒத்த மாற்று மருந்து) இருக்கிறது, தினமும் வாங்க வேண்டியதில்லை. சென்னை என்கிறீர்களே, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவின் கிளை அங்கேயே உண்டு, பேசுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் எம்எஸ் இருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.