டிக்கி அதிருது, கடைக்காரர் கைய விரிச்சுட்டார், கீழ் வீட்டுக்காரர் புகார் குடுத்துட்டார்: என்ன பண்ணலாம்?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். அவர் சொல்றது சுருக்கமா இது:

"வக்கீல் அண்ணா, பழைய செடான் கார் ஒண்ணு வாங்கி, கோயம்புத்தூர்ல ஒரு ஆடியோ கடையில 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்), பாக்ஸ், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எல்லாம் சேத்து 34,000 ரூபாய்க்கு எடுத்தேன், மாட்டுற கூலி 4,500 தனி, ரெண்டுக்கும் என் பேர்ல பில் இருக்கு. மேட்டுப்பாளையம் தாண்டி மேல ஏறும்போதே டிக்கி கடகடன்னு அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. கடையில கேட்டா மொதல்ல 'ஓட ஓட செட் ஆயிடும்'னாங்க, மறுபடி போனப்ப 'டேம்பிங் ஷீட் (தகரம் அதிராம இருக்க ஒட்டற ஷீட்) ஒட்டணும், அதுக்கு 9,000 ஆகும்'னாங்க, பில்லுல 'விற்ற பொருள் வாபஸ் இல்லை'ன்னு இருக்கறத காட்டுறாங்க. இதுக்கு நடுவுல எங்க கீழ் வீட்டு பெரியவர் ஸ்டேஷன்ல புகார் குடுத்துட்டார், என்னைக் கூப்பிட்டு எச்சரிச்சு அனுப்பினாங்க. பணம் திரும்பக் கிடைக்குமா? வண்டியப் பிடிச்சுருவாங்களா? ஆர்சி இன்னும் பழைய ஓனர் பேர்லதான் இருக்கு, அதால எதாவது ஆகுமா?"

தம்பி, நீங்க ரெண்டு பிரச்சனைன்னு நினைக்கறீங்க, எனக்கு அது ஒண்ணாத்தான் தெரியுது. டிக்கி எங்க அடிக்குதுன்னு கண்டுபிடிச்சு எழுத்துல வச்சுட்டீங்கன்னா கடைக்காரர் மேல கேஸ் நிக்கும், பெரியவரோட புகார்லயும் பாதி அடங்கிடும். அதைக் கண்டுபிடிக்காம நோட்டீஸ் அனுப்பினீங்கன்னா கடைக்காரர் ஒரே வரியில முடிச்சுடுவார், 'பழைய வண்டி சார், தகரம் லூசு'ன்னு.

மொதல்ல கடை விஷயம். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல பொருள்ல குறை, சேவையில குறைபாடுன்னு ரெண்டு தனித்தனியா இருக்கு. உங்க வூஃபர் நல்லா அடிக்குது, ஆம்பும் வேலை செய்யுது, அதனால பொருள் கெட்டதுன்னு சொல்லி 34,000-ஐ திருப்பிக் கேட்டா தேறாது, அதை நேராவே சொல்லிடறேன். உங்க பலம் அந்த 4,500 ரூபாய் கூலியில இருக்கு, காசு வாங்கிட்டு ஒழுங்கா மாட்டாம விட்டது சேவைக் குறைபாடு. அதோட, டேம்பிங் போடலன்னா டிக்கி அதிரும்னு தெரிஞ்சும் விக்கறதுக்கு முன்னாடி சொல்லாம, வித்து முடிச்சுட்டு 9,000 கேக்கறது, என்ன வாங்கறோம்னு தெரிஞ்சுக்கற உங்க உரிமையில கை வைக்கற வேலை. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த 9,000-ஐயும் கணக்குல சேத்து வாங்கறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணியிருப்பீங்க. எனக்கு இதுதான் ரொம்ப கோபம் வர்ற இடம், மாசச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஆசையா வாங்கற பசங்ககிட்ட இப்படி நடக்கறத அடிக்கடி பாக்கறேன்.

'வாபஸ் இல்லை'ன்னு பில்லுல அச்சடிச்சிருக்கறதுக்கு பயப்படாதீங்க. குறையுள்ள பொருளையோ சேவையையோ பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்துக்கிட்டு பணம் குடுக்க மறுக்கறதையே அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைன்னு சொல்லுது. கடைக்காரர் அச்சடிச்ச ஒரு வரி சட்டத்தை மீற முடியாது.

ஆனா குறைபாடு இருக்குன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு புகார் குடுக்கறவர் தலையிலதான், 2021-ல உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவா சொல்லியிருக்கு. அதனால இப்ப சொல்றத பொறுமையா செய்யுங்க, எதையும் கழட்டாதீங்க, எதையும் ஒட்டாதீங்க, மொதல்ல அப்படியே வீடியோ.

மத்தியானம் வெயில் இருக்கும்போது, வீடுங்களுக்கு தள்ளி வண்டிய நிறுத்திட்டு டிக்கியில இருக்கற ஜாக்கி, ஸ்பேனர், பழைய துணிமூட்டை எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஸ்டெப்னி போல்ட்டை டைட் பண்ணுங்க. பாதி வண்டியில சத்தம் இங்கேயே நின்னுடும், அப்படி நின்னா கேஸே வேண்டாம், சந்தோஷமா இருங்க. நிக்கலன்னா போனை கார் ஆடியோவோட இணைச்சு 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏறுற டோன் ஒண்ணை ஓட விடுங்க, பாட்டு வேண்டாம், பாட்டுல எது எந்த இடத்துல அடிக்குதுன்னு பிடிக்க முடியாது. டோன் ஓடும்போது கூட ஒருத்தர் நின்னு ஒவ்வொரு இடமா உள்ளங்கையால அழுத்திப் பாக்கட்டும், நம்பர் பிளேட், டிக்கி மூடியோட தகரம், லாக், பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கற பார்சல் ட்ரே, உள்பக்க பிளாஸ்டிக், பாக்ஸ். கை வச்சதும் சத்தம் நிக்குதா, அதுதான் இடம். எத்தனை ஹெர்ட்ஸ்ல அடிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வீடியோ எடுங்க.

இப்ப அந்த இடங்களை ரெண்டா பிரிக்கணும். பாக்ஸ் ஸ்க்ரூ போடாம சும்மா வச்சிருந்தாலோ, வயர் கட்டாம தொங்கி தகரத்துல தட்டினாலோ, வயர் இழுக்கறதுக்காக பின் சீட்டுப் பக்க பிளாஸ்டிக்கைப் பிடுங்கி கிளிப்பை உடைச்சுட்டு அப்படியே அமுக்கி விட்டிருந்தாலோ அது முழுக்க கடைக்காரர் தப்பு, அந்த உடைஞ்ச கிளிப் கெடைச்சா ஒரு கவர்ல போட்டு வைங்க, அது சாட்சி. ஆம்ப்ல கெயினை (சத்தத்தை எவ்வளவு பெருக்கணும்னு வைக்கற திருகு) மேல ஏத்தி விட்டிருக்கறது, லோ பாஸ் ஃபில்டரை (பேஸ் சத்தத்தை மட்டும் விடற வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ் சுத்தி வைக்காம கன்னாபின்னான்னு திறந்து விட்டிருக்கறது, சப்சோனிக் ஃபில்டர் (காதுக்கு எட்டாத ரொம்பக் கீழ் சத்தத்தை வெட்டற வடிகட்டி) இருந்தும் போடாம விட்டது, இதெல்லாமும் ட்யூனிங்குக்குள்ள வர்ற வேலைதான், அந்த செட்டிங்கையும் போட்டோ எடுங்க. ஆனா டிக்கி ஓரத்து ரப்பர் பீடிங் காஞ்சு போயிருந்தா, முன்னாடி எப்பவோ இடிச்சு டிங்கரிங் பண்ணின டிக்கியா இருந்தா, அது வண்டியோட வயசு, அதுக்கு கடைக்காரரைக் கேக்காதீங்க. நியாயமா எது அவர் தப்போ அதை மட்டும் கேட்டா நுகர்வோர் ஆணையத்துல உங்க பேச்சுக்கு மதிப்பு கூடும்.

அடுத்து குன்னூர்லயோ ஊட்டியிலயோ வேற ஒரு மெக்கானிக்கிட்ட காட்டி, என்ன பாத்தார்னு லெட்டர்ஹெட்ல நாலு வரி தேதி போட்டு எழுதி வாங்குங்க. அதுக்கு அப்புறம்தான் ரிப்பேர். கடைக்காரரோட வாட்ஸ்அப் பேச்சை அழிச்சுடாதீங்க, அதையும் வீடியோவையும் தாக்கல் பண்ணும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவு சான்றிதழோட (எலக்ட்ரானிக் ஆதாரத்தை உறுதிப்படுத்தற சான்றிதழ்) வைக்கறது நல்லது.

கடைக்கு 15 நாள் கெடு குடுத்து ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம், அதுக்கு வக்கீல் வேண்டாம், நீங்களே எழுதலாம். அதுக்கு முன்னாடி 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி எண்ல பதிஞ்சு பாருங்க, சில கடை அதுக்கே இறங்கி வரும். வரலன்னா கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம், 2019 சட்டத்துல வந்த பெரிய நல்லது இது, நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் குடுக்கலாம், நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டியிலயே இருக்கு. 5 லட்சம் வரைக்கும் புகார் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ருதி தளத்துல ஆன்லைன்லயும் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இலவசமா சரி பண்ணிக் குடுக்கணும், இல்லன்னா கூலி 4,500-ஐயும் வெளிய சரி பண்ணின செலவையும் குடுக்கணும், போக வர செலவு, அலைச்சலுக்கு இழப்பீடு, இவ்வளவு கேளுங்க. லட்சக்கணக்குல கேக்கச் சொல்லி யாராவது உசுப்பேத்தினா கேக்காதீங்க.

இப்ப பெரியவர் புகார். இதுல நான் உங்க பக்கம் முழுசா நிக்க முடியாது. 2000-ம் வருஷ ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 வரைக்கும் 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலமா இருந்தா அங்க பகல்ல 50, ராத்திரி 40. ராத்திரி ஆம்ப் வச்சு சத்தம் போட மூடின இடத்துக்குத்தான் விலக்கு இருக்கு, காரும் மூடினதுதானேன்னு வாதாட நினைக்காதீங்க, விதியில சொல்லியிருக்கறது ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம் மாதிரி இடங்கள்.

ஒரு விஷயம் கவனிங்க. அளக்கறது டெசிபல் 'ஏ' அளவுல, அந்த அளவு காது கேக்கற மாதிரி கணக்குப் போடுது, 40 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தத்துல கிட்டத்தட்ட 35 டெசிபலைக் கழிச்சுட்டுத்தான் காட்டும். டிக்கி தகரமும் நம்பர் பிளேட்டும் அடிக்கற சத்தம் மேல் அலைவரிசையில வருது, அது கிட்டத்தட்ட முழுசா ஏறும். அதாவது மீட்டர் வச்சா உங்களை மாட்டி விடப் போறது வூஃபரை விட டிக்கிதான். அதுக்காக பேஸை இஷ்டத்துக்கு வைக்கலாம்னு அர்த்தமில்ல. பொதுத் தொல்லைன்னு பாரதிய நியாய சன்ஹிதா 270, 292-ல வழக்குப் போட மீட்டரே தேவையில்ல, அதுக்கு அபராதம் 1,000 ரூபாய் வரைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல இழுத்தா 10,000 வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் சிறை, லைசென்ஸும் மூணு மாசம் போகும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல 2024 ஏப்ரல்ல இருந்து சிறைக்குப் பதிலா 10,000-ல ஆரம்பிச்சு 15 லட்சம் வரைக்கும் தண்டத்தொகை.

வண்டியைப் பிடிப்பாங்களான்னா, வெறும் பாட்டுச் சத்தத்துக்கு வண்டியையே நிறுத்தி வைக்கறது அவ்வளவு சுலபமில்ல, ஆனா அளவு மீறி சத்தம் போடற ஆம்ப், ஸ்பீக்கரை பறிமுதல் பண்ண மாநிலங்கள் வழிவகை செய்யணும்னு 2005-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அதனால வூஃபர் போக வாய்ப்பு இருக்கு. டிக்கியில பாக்ஸ் வைக்கறது மட்டும் சட்டவிரோத மாற்றம் ஆகாது. பாக்ஸுக்காக பின் சீட்டைக் கழட்டிட்டீங்கன்னா ஆர்சியில இருக்கற சீட் எண்ணிக்கை மாறுது, அது மோட்டார் வாகனச் சட்டத்துல வண்டி மாற்றம் பத்தின 52-வது பிரிவுல வரும், அதைச் செய்யாதீங்க.

நம்ம ஊரு வீடுங்க எல்லாம் சரிவுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கு, உங்க வாசல் அவர் ஓட்டுக்கு மேல. பேஸ் அலை சுவரைத் தாண்டிப் போகும், ஜன்னலைச் சாத்தினாலும் நிக்காது. பனி இறங்கற ராத்திரியில கீழ காத்து குளிர்ந்தும் மேல கொஞ்சம் சூடாவும் இருக்கும்போது சத்தம் மேல போகாம வளைஞ்சு கீழயே வந்து ரொம்ப தூரம் கேக்கும். அந்த மனுஷர் பொய் சொல்லல, அவருக்கு நிஜமாவே தூக்கம் போயிருக்கு. நீங்களே போய் பாருங்க, டிக்கி சரி பண்ணிட்டு இருக்கேன் அய்யா, எட்டு மணிக்கு மேல வீட்டுக்கிட்ட பாட்டு போட மாட்டேன்னு சொல்லுங்க. அவர் சமாதானமாயிட்டா அதை ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து புகாரை முடிச்சு வைக்கச் சொல்லுங்க.

ரிப்பேர் பண்ணும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. நம்பர் பிளேட் அதிருதுன்னு அதைக் கழட்டிடாதீங்க. ஹை செக்யூரிட்டி பிளேட் பின்னாடி ஒருதடவை பூட்டினா திரும்பக் கழட்ட முடியாத லாக்கோட வருது, உடைச்சா அது தனி வம்பு, பக்கவாட்டுல இருந்து ஃபோம் டேப்பை உள்ள திணிச்சாலே போதும். டேம்பிங்குக்கு ஒட்டற ப்யூட்டைல் ஷீட்டை மஞ்சு மூடின நாள்ல ஒட்டாதீங்க, தகரம் ஈரமா இருந்தா சீக்கிரமே உரிஞ்சு வந்துடும், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, ஹேர் ட்ரையர்ல சூடு காட்டி ஒட்டணும்.

ஆர்சி விஷயத்தைத்தான் நீங்க கடைசியா போற போக்குல எழுதியிருக்கீங்க, நான் அதுக்குத்தான் அதிகமா பயப்படறேன். நுகர்வோர் கேஸுக்கு அது தடையில்ல, பில் உங்க பேர்ல இருக்கு. ஆனா வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும், இன்சூரன்ஸ் 14 நாளுக்குள்ள. நாளைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவுல ஏதாவது ஆச்சுன்னா சம்மன் முந்தின ஓனர் வீட்டுக்குப் போகும், உங்க வண்டி சேதத்துக்கு க்ளெய்ம் வராம போகலாம். திங்கக்கிழமை மொத வேலையா ஆர்டிஓ ஆபீஸ் போங்க. டோன் வச்சுப் பாத்த லிஸ்ட்டையும் மெக்கானிக் எழுதிக் குடுத்ததையும் எனக்கு அனுப்பி வைங்க, கடைக்கு எழுதற கடிதத்தை அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை படிச்சுத் தரேன்.