வேர்டு ஃபைல் லாக் ஆகிவிட்டது, திருத்த முடியவில்லை. டைப் செய்த கடைக்காரர் பாஸ்வேர்டு தர மறுக்கிறார். என்ன செய்வது?

பாஸ்வேர்டு உடைக்கிற மென்பொருளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பொறுங்கள், எதற்கும் காசு கட்டிவிடாதீர்கள். நான் கேரள எல்லையில் குமுளியில் டிடிபி கடை (டைப் செய்து பிரிண்ட் எடுத்துத் தரும் கடை) வைத்திருக்கிறேன். 'லாக் ஆயிருச்சு' என்று வருகிற ஃபைல் பலவற்றில் பாஸ்வேர்டே இருக்காது.

'வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்' என்று வந்தால், பெரும்பாலும் கரண்ட் போய் வேர்டு பாதியில் நின்றிருக்கும். அதே ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஃபைலின் பெயரே, முதல் இரண்டு எழுத்துக்குப் பதிலாக ~$ போட்டு, குட்டியாக ஒன்று கிடக்கும். யார் திறந்தது என்று வேர்டு குறித்துவைக்கும் ஃபைல் அது. நெட்வொர்க்கில் யாரும் உண்மையில் திறந்திருக்கவில்லை என்று விசாரித்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் வேர்டை நிறுத்தி, அந்தக் குட்டி ஃபைலை அழித்தால் சரியாகிவிடும். தெரிந்தவர் மெயிலில் அனுப்பிய ஃபைல் என்றால் மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்தினால் போதும்.

இதைச் சொல்ல மட்டும் நான் எழுத உட்காரவில்லை. கடைக்காரர் தர மறுக்கிறார் என்கிறீர்களே, அதைப் படித்ததும் வயிறு எரிந்தது.

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து, ஒரு அக்கா வந்தார். பணிக்கொடை பாக்கி கேட்டு எழுதிய மனுவை வேறொரு கடையில் டைப் செய்து பென்டிரைவில் வாங்கியிருந்தார். வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. திருத்தித் தர முழுக் காசும் மறுபடி கேட்டிருக்கிறார்கள். நான் திறந்தேன். படிக்க முடிகிறது, பேக்ஸ்பேஸ் அடித்தால் ஒரு எழுத்து அசையவில்லை, மேலே பட்டன்கள் எல்லாம் மங்கிக் கிடக்கின்றன. 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, எம் பேரு, எங்க அப்பா பேரு, நான் கொழுந்து எடுத்த வருஷம் எல்லாம் இதுலதான் இருக்கு. பூட்டு மட்டும் அவங்களுதா?" என்று கேட்டார்.

புது டாக்குமென்ட் ஒன்று திறந்தேன். 'இன்செர்ட்' போய், 'ஆப்ஜெக்ட்' பக்கத்து அம்புக்குறியில் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' கொடுத்து அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்தேன். மனு முழுக்க வந்துவிட்டது. எண்ணைத் திருத்தி பிரிண்ட் எடுத்து, பூட்டில்லாத ஃபைலையும் அவர் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தவர் பூட்டை உடைக்கச் சொல்லித் தருகிறாயா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். அலுவலக ஒப்பந்தத்தையோ இன்னொருவர் எழுதியதையோ நான் சொல்லவில்லை. தொழில் போட்டியில் பேசுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். டைப் செய்ததற்குக் கூலி வாங்கியாகிவிட்டது, மனு அந்த அக்காவுடையது. வாடிக்கையாளர் திரும்ப வரவேண்டும் என்பதற்காக அவருடைய மனுவையே பூட்டி வைப்பது அநியாயம்.

திறக்கும்போதே பாஸ்வேர்டு கேட்டால் கதை வேறு. அது உண்மையான குறியாக்கம், பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்கவே முடியாது. போட்டவர் சொன்னால்தான் உண்டு, இல்லையென்றால் திரும்ப டைப் செய்வதே மலிவு.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம், பதிலும் தமிழில்தான் வரவேண்டும். அந்த அக்காவுக்குப் பதில் மலையாளத்தில் வந்தது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லி மறுபடி பஸ் ஏறி என்னிடம் வந்தார். மலையாளத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, என் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். சட்டத்தில் இருப்பதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், அடுத்த தடவை எங்கே டைப் செய்தாலும், காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஃபைலைத் திறக்கச் சொல்லி ஒரு எழுத்தை அடித்து அழித்துப் பாருங்கள்.