தட்டைக் காலி பண்ணணுமா, வயித்தைக் கேக்கணுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 47 வயசு. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வச்சாலும் எங்க அப்பா எழுந்திருக்க விடமாட்டாரு, அப்படியே பழகிட்டேன். இப்ப என்னன்னா என் தட்டு மட்டும் இல்ல, பசங்க வச்சுட்டுப் போறது, சட்டியில கிடக்கற கடைசி ரெண்டு கரண்டி, எல்லாத்தையும் நான்தான் முடிக்கறேன். சமீபத்துல ப்ளட் டெஸ்ட் எடுத்தப்ப சுகர் பார்டர்ல இருக்கு, வெயிட்டைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சோத்தைக் கொட்டவும் மனசு வரல. என்ன பண்றது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சோத்தைக் கொட்ட மனசு வரலன்னு எழுதியிருக்கீங்களே சகோதரி, அந்த மனசு அப்படியே இருக்கட்டும். உங்க அப்பா அப்படி வளர்த்ததுக்குக் காரணம் இருக்கு. 1960கள்ல அரிசிக்கு எவ்வளவு தட்டுப்பாடுன்னு அந்தக் காலத்து ஆளுங்களைக் கேட்டாத் தெரியும், ரேஷன் கடை க்யூ, அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த கோதுமை, 1965ல பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே வாரத்துல ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கன்னு ஜனங்களைக் கேட்டுக்கிட்டாரு, 1967 எலக்‌ஷன்ல ரூபாய்க்கு மூணு படி அரிசிங்கறது எவ்வளவு பெரிய வாக்குறுதியா இருந்துச்சு. அப்பல்லாம் தட்டுல விழுந்ததே அளவாத்தான் விழுந்துச்சு, அதை மிச்சமில்லாம முடிச்சா உடம்புக்கும் சரியா இருந்துச்சு. இன்னிக்கு விழற அளவு மாறிடுச்சு, முடிச்சே ஆகணுங்கற சட்டம் மட்டும் மாறல. அதனால முடிக்கற பழக்கத்தை விடாதீங்க, போடற அளவை மாத்துங்க. கரண்டி சட்டிக்குள்ள இருக்கும்போதே முடிவு எடுத்துடணும், தட்டுல விழுந்தப்புறம் யோசிச்சா ரெண்டு பக்கமும் கஷ்டம்தான், சாப்பிட்டா உடம்புக்கு, கொட்டினா மனசுக்கு.

தட்டுல விழுந்துட்டா ஏன் கஷ்டம்னா, வயிறு விரியறதை நரம்பு மூளைக்குச் சொல்லணும், குடல்லேர்ந்து சில ஹார்மோன் சுரந்து போதும்னு தகவல் போகணும், இதெல்லாம் முழுசா நடக்க சுமார் 15லேர்ந்து 20 நிமிஷம் ஆகும். நம்ம வீட்டு மத்தியான சாப்பாடு சாம்பார், ரசம், மோர்னு மூணு ரவுண்டும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிடுது, போதும்ங்கற தகவல் வந்து சேரும்போது நாம கை கழுவிட்டு வந்திருப்போம். அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டியில பார்பரா ரோல்ஸ்னு ஒரு பேராசிரியரும் அவங்க டீமும் ஒரு ஆய்வு பண்ணி 2002ல வெளியிட்டாங்க, அதே ஆளுங்களுக்கு வேற வேற நாள்ல அதே மக்ரோனி சீஸை அரை கிலோலேர்ந்து ஒரு கிலோ வரைக்கும் அளவை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தாங்க. ஒரு கிலோ வச்ச அன்னிக்கு, அரை கிலோ வச்ச நாளை விட 30 சதவீதம் அதிகமா உள்ள போயிருக்கு. ஆனா சாப்பிட்டு முடிச்சப்புறம் வயிறு எப்படி இருக்குன்னு கேட்டா ரெண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் சொல்லியிருக்காங்க. கூடுதலா உள்ள போனது வயித்துக்குத் தெரியவே இல்ல.

இப்ப உங்க அடுப்படிக்கு வருவோம். நிறைய வீட்டுல பார்த்திருக்கேன், பெரிய பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான், மாமனார் ராத்திரி சோறை விட்டுட்டு கோதுமை தோசைக்கு மாறியிருப்பாரு, ஆனா அரிசி டின்னுக்குள்ள கிடக்கற அந்த எவர்சில்வர் டம்ளர் மட்டும் எப்பவும் போல தலை தட்டாம மூணு தடவை ரொம்பி குக்கருக்குப் போயிட்டே இருக்கும். ஆள் குறைஞ்சது கைக்குத் தெரியறதில்ல. அந்த மிச்சம்தான் தினமும் உங்க தட்டுக்கு வருது. நாளைக்குக் காலையில ஒரு டம்ளரைக் கால்வாசி குறைச்சுப் போடுங்க, ஒரு வாரம் பாருங்க, யாருக்காவது பத்தலைன்னா கூட்டிக்கலாம்.

எவ்வளவு போதும்னு கேப்பீங்க. ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டியில, 2000 கலோரி தேவைப்படற ஒருத்தருக்கு ஒரு நாள் முழுக்க சேர்த்து 250 கிராம் தானியம்னு போட்டிருக்காங்க, காய்கறி 400 கிராம், பருப்பு இல்லன்னா முட்டை, மீன், கறி எல்லாம் சேர்ந்து 85 கிராம். அந்த 250 கிராம்ல இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாமே அடக்கம். காலைல நாலு இட்லி, ராத்திரி மூணு தோசைன்னு போனா மத்தியானத்துக்கு மிச்சம் இருக்கறது சுமார் 100 கிராம் அரிசி, வெந்தா 250லேர்ந்து 300 கிராம் சோறு வரும். ஒரே ஒரு தடவை சமையலறை தராசுல வச்சுப் பாருங்க, நாம வழக்கமா போட்டுக்கறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கண்ணாலயே தெரியும். நம்ம தட்டுல சோறு மலையா இருக்கும், பொரியல் ஓரத்துல ஒரு ஸ்பூன் இருக்கும், அதைத் திருப்பிப் போடுங்க. பார்டர் சுகர் இருக்கறது நீங்க மட்டும் இல்ல, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் ஆதரவுல நடந்து 2023ல வந்த பெரிய ஆய்வுல நாட்டுல 13.6 கோடி பேர் அந்த நிலைமையில இருக்கறதா மதிப்பிட்டிருக்காங்க, இந்தக் கட்டத்துல சாப்பாட்டையும் நடையையும் மாத்தினா நிறைய பேருக்கு அது டயபடிஸா மாறாமத் தடுக்க முடியும். ஆனா ஒண்ணு, வீட்டுல யாராவது ஏற்கெனவே சுகர் மாத்திரை, இன்சுலின் எடுத்துட்டு இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம அவங்க சோத்தைத் திடீர்னு பாதியாக் குறைச்சுடாதீங்க, லோ சுகர் ஆயிடும்.

பசங்க வைக்கற மிச்சத்துக்கு வழி, முதல்ல போடறதையே பாதியாப் போடறதுதான், வேணும்னா கேட்டு வாங்கட்டும். சட்டியில மீந்த சோறு எச்சில் படாததுதானே, ஆறினதும் மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, வடிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வச்சுடணும், அடுத்த நாளே நல்லா சூடு பண்ணி முடிச்சுடணும். சாயங்காலம் வரைக்கும் அடுப்பு மேடையிலயே கிடந்தா பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா வளர்ந்து நஞ்சை விட்டுடும், அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணினாலும் போகாது.

இன்னொண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் சட்டியை மடியில வச்சுட்டு உட்கார்றவங்களா நீங்க? அப்படி உட்கார்ந்தா தட்டே கிடையாது, அளவும் கிடையாது, தீர்ற வரைக்கும் சாப்பாடுதான், அதுவும் பொரியல் தீர்ந்துபோய் சோறும் ரசமும் மட்டும்தான் கிடக்கும். உங்களுக்குன்னு காய், பருப்பு எல்லாம் முதல்லயே தட்டுல எடுத்து வச்சு அவங்களோடயே உட்காருங்க. மீந்ததை என்ன பண்றதுங்கறது வீட்டுல எல்லாரோட பொறுப்பு, உங்க ஒருத்தரோட வயிறு அதுக்குப் பொறுப்பு இல்ல. இதை உங்க வீட்டுக்காரர்கிட்டயும் பசங்ககிட்டயும் வாய் விட்டுச் சொல்லுங்க.

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயசு. கிண்ணத்துல போட்ட பருப்பு சாதத்தை முடிக்கவே மாட்டான். செல்போன்ல கார்ட்டூன் போட்டுத்தான் கடைசி வாய் வரைக்கும் ஊட்டறேன். மருமக வேணாம்னு சொல்றா. நான் பண்றது தப்பா?
– வாசகி, மதுரை

பதில்: பேரன் வயிறு நிறையணுங்கற ஆசைதானே உங்களுக்கு, அதுல தப்பே இல்லம்மா. ஆனா இந்த விஷயத்துல மருமக சொல்றதைக் கேளுங்க. பசி எவ்வளவோ அவ்வளவு சாப்பிட்டு நிறுத்தற திறமை குழந்தைக்குப் பொறக்கும்போதே இருக்கு. அதே பார்பரா ரோல்ஸ் டீம் 2000ல குழந்தைகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, மூணு வயசுப் பிள்ளைங்க தட்டுல எவ்வளவு அதிகமா வச்சாலும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் சாப்பிட்டுச்சுங்க, அஞ்சு வயசுப் பிள்ளைங்க அதிகமா வச்சா அதிகமா சாப்பிட்டுச்சுங்க. இந்த ரெண்டு வயசுக்கும் நடுவுலதான் உங்க பேரன் இருக்கான். செல்போனைக் காட்டி ஊட்டறப்ப வாய் தானாத் திறக்கும், வயிறு சொல்றது அவனுக்குக் கேக்காது.

முகத்தைத் திருப்பறான், கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கறான், கையால கிண்ணத்தைத் தள்ளறான்னா போதும்னு சொல்றான்னு அர்த்தம். என்ன சமைக்கணும், எத்தனை மணிக்கு, எங்க உட்கார்ந்துன்னு நீங்களும் மருமகளும் முடிவு பண்ணுங்க, எவ்வளவுன்னு அவன் முடிவு பண்ணட்டும். கிண்ணத்தைச் சின்னதா மாத்தி ரெண்டு ஸ்பூன் வைங்க, அதை அவனே கையால எடுத்து முடிச்சு இன்னும் வேணும்னு கேட்டா போடுங்க, அவனாக் கேட்டு வாங்கி முடிக்கறதுல அவனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், மிச்சம் வைக்காத பழக்கமும் அப்படியே வந்துடும். நடுவுல பிஸ்கட், ஜூஸ், டம்ளர் டம்ளரா பால்னு போனா சாப்பாட்டு நேரத்துல எப்படிப் பசிக்கும், அதையும் கொஞ்சம் பாருங்க. எடையும் உயரமும் வயசுக்குத் தகுந்த மாதிரி ஏறிட்டு வருதான்னு குழந்தை டாக்டர்கிட்ட சார்ட்டைக் காட்டிக் கேளுங்க, ஏறுதுன்னா கவலையே வேண்டாம், இறங்குதுன்னா ஊட்டறதை அதிகப்படுத்தாம அவர்கிட்ட காரணம் கேளுங்க.

கேள்வி: கல்யாணப் பந்தியில உட்கார்றதுக்கு முன்னாடியே இலை ரொம்பிடுது. முடிச்சா வயிறு வெடிக்குது, மூடினா குத்தமா இருக்கு. என்ன வழி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உட்கார்ந்ததும் இலையை ஒரு தடவை பார்த்துடுங்க தம்பி, ரெண்டாவது ஸ்வீட்டு, வடை இப்படி உங்களுக்கு வேண்டாததைக் கை படறதுக்கு முன்னாடியே பக்கத்துல உட்கார்ந்திருக்கற நம்ம ஆளுக்கு வேணுமான்னு கேட்டு மாத்திடுங்க. சோத்து வாளி தூரத்துல வரும்போதே அரைக் கரண்டி போதும்ணான்னு சொல்லணும், கரண்டி கவுந்தப்புறம் இலைக்குக் குறுக்க கையை நீட்டிப் பிரயோஜனம் இல்ல. சாம்பாருக்கே வயித்தை ரொப்பிட்டா ரசமும் மோரும் திணிக்கறதாத்தான் ஆகும். இவ்வளவு பண்ணியும் மிஞ்சினா மூடிட்டு எழுந்திருங்க, அந்தக் குத்தம் உங்க மேல இல்ல, கேக்காமப் போட்டவங்க மேலதான்.

உங்க வீட்டுல விசேஷம் வந்தா சமையல் கான்ட்ராக்டர்கிட்ட இலைக் கணக்கு கொடுக்கறப்பவே கறாரா இருங்க, இலையில முன்கூட்டியே வைக்கறதைக் குறைச்சு கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொல்லுங்க. மீந்த சாப்பாட்டை வாங்கி பசிச்சவங்களுக்குக் கொடுக்கற ‘நோ ஃபுட் வேஸ்ட்’ உங்க ஊர்லயே 2014ல ஆரம்பிச்ச அமைப்புதான், ஆனா பந்தி முடிஞ்சு ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சுக் கூப்பிட்டா சாப்பாடு ஊசிப் போயிருக்கும், மிஞ்சும்னு தெரிஞ்ச உடனே சொல்லிடணும். வீட்டு அளவுலயே எவ்வளவு சாப்பாடு வீணாப் போகுதுன்னா, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்போட 2024 அறிக்கை இந்திய வீடுகள்ல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோன்னு மதிப்பிடுது, தோல், எலும்பு மாதிரி சாப்பிட முடியாததும் அதுல சேர்த்திதான். கல்யாண மண்டபம், ஹோட்டல் கணக்கெல்லாம் இதுல வரல.

கேள்வி: வயித்துல கொஞ்சம் இடம் இருக்கும்போதே எழுந்திருக்கணும்னு சொல்றாங்க. அது எப்பன்னு எப்படித் தெரியும்?
– வாசகி, திருச்சி

பதில்: நாக்கைக் கவனிங்க. வெண்டைக்காய்ப் பொரியலோட முதல் வாய்ல இருக்கற ருசி பத்தாவது வாய்ல இருக்காது, உடம்பு இதுல போதும்னு சொல்ல ஆரம்பிச்சதுக்கு அது ஒரு அடையாளம். அதே நேரத்துல பாயசம் வந்தா இடம் கிடைச்சிடுது பாருங்க, ருசி மாறினா ஆசை புதுசா ஆரம்பிக்கும், அதனால ஐட்டம் அதிகமா இருக்கற அன்னிக்கு ஒவ்வொண்ணையும் குறைச்சுப் போட்டுக்கணும். வீட்டுல பண்ண வேண்டியது ரொம்ப சிம்பிள், ரசம் சாதம் முடிஞ்சதும் மோருக்கு சோறு போடாம ரெண்டு மூணு நிமிஷம் சும்மா உட்கார்ந்து வீட்டுல யார்கிட்டயாவது பேசிட்டு இருங்க. அப்புறமும் பசிச்சா போட்டுக்கோங்க, இல்லன்னா ஒரு டம்ளர் மோரை மட்டும் குடிச்சுட்டு எழுந்திருங்க.