குழந்தைகளையும் மாறிவரும் குடும்பத்தையும் பற்றிய பின்லாந்து படம் ஒன்று சொல்ல முடியுமா? ரொம்ப அழவைக்கும் படமாக இருக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று என்றால் 'லிட்டில் விங்' பாருங்கள். 2016இல் வந்தது. எழுதி இயக்கியவர் செல்மா வில்ஹுனென். அடுத்த வருடம், வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான நார்டிக் கவுன்சிலின் திரைப்பட விருதையும் வாங்கியது. கண் கலங்கும் இடங்கள் உண்டு, ஆனால் பிழியப் பிழிய அழவைக்கும் படமில்லை.

கதை இதுதான். ஹெல்சிங்கியில் அம்மாவும் மகளும் மட்டும் வாழும் வீடு. மகள் பெயர் வர்ப்பு, பதின்பருவத்தின் வாசலில் நிற்பவள். அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். ஒரு கட்டத்தில் எல்லாம் வெறுத்துப்போய், ஒரு காரைத் திருடிக்கொண்டு அப்பாவைத் தேடி வடக்கே ஓவ்லு நகருக்குப் போகிறாள். கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர்!

நம்பும்படி இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கேதான் திரைக்கதையின் சாமர்த்தியம். அம்மா சிரு டிரைவிங் லைசென்ஸ் வாங்கத் திரும்பத் திரும்ப முயன்று தோற்கிறாள். மகளோ அக்கம்பக்கத்துப் பெரிய பையன்களோடு சேர்ந்து, ஊரார் காரை எடுத்து ஓட்டிப் பழகிவிடுகிறாள். அந்த வீட்டில் யார் பெரியவர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. சிரு கெட்ட அம்மா கிடையாது. பாசக்காரி, ஆனால் சட்டென்று உடைந்துபோகிறவள். அவளைத் தேற்றும் வேலை மகள் தலையில் விழுகிறது.

நீங்கள் கேட்ட 'மாறிவரும் குடும்பம்' இந்தப் படத்தில் வசனமாக வராது, பின்னணியாக நிற்கும். பின்லாந்தில் பிள்ளைகளை அடிப்பது 1984லேயே சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 1988 முதல் விவாகரத்துக்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதம் யோசிக்க அவகாசம், அவ்வளவுதான். அந்த மாற்றங்களுக்கெல்லாம் பிறகு பிறந்தவள் வர்ப்பு. அப்பா இல்லாத வீடு என்பதை இந்தப் படம் ஒரு களங்கமாகவே நினைப்பதில்லை. அடி இல்லை, அதட்டல் இல்லை, அம்மாவும் மகளும் தோழிகள் மாதிரி. சரி, அப்படியானால் பிள்ளை சாய்ந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? படம் இந்த இடத்தைத்தான் குடைகிறது. பழைய கண்டிப்பான குடும்பமே மேல் என்றும் சொல்வதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவைக் கண்டுபிடிக்கிறாளா? (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கண்டுபிடிக்கிறாள். ஆனால் அவள் கற்பனை செய்து வைத்திருந்த அப்பா அவர் இல்லை. மனநோயோடு போராடும் மனிதர். நம்ம ஊர் சினிமா என்றால் ஒன்று அவரை வில்லனாக்கியிருப்போம், இல்லையென்றால் ஒரு கட்டிப்பிடிப்பில் எல்லாம் சரியாகியிருக்கும். இங்கே இரண்டும் நடக்காது. பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர் இன்னொருவர் கிடைத்திருக்கிறார் என்பது வர்ப்புவுக்கு மெல்லப் புரிகிறது. வர்ப்புவாக நடித்த லின்னேயா ஸ்கூக் அந்த இடங்களில் பெரிதாக எதுவும் 'நடிப்பதே' இல்லை. அம்மாவாக வரும் பவுலா வெசாலா அங்கே புகழ்பெற்ற பாடகி. சொன்னால்தான் தெரியும்.

குறை என்றால், குதிரையேற்றப் பள்ளியில் மற்ற பெண்கள் வர்ப்புவைச் சீண்டும் காட்சிகள். பள்ளிப் படங்கள் எத்தனையோவற்றில் பார்த்துச் சலித்தவைதான். கார் ஓட்டும் பையன்களையும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்றால், பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்கு மேல் தாராளமாக. கூட உட்கார்ந்து பாருங்கள். அப்பா வரும் பகுதியில் நிறையக் கேள்வி கேட்பார்கள்.

முழுப்படத்துக்கு நேரமில்லை என்றால் இதே இயக்குநரின் ஒரு குறும்படம் இருக்கிறது, சில நிமிடங்கள்தான். ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தைக் கிளப்ப ஓர் அம்மா காலையில் படும் பாடு. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம், விழுந்து விழுந்து சிரிக்கலாம். முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் இதற்கு வந்தாலும் நல்லதுதான்.