தெருவில் முதியோருக்கு ஓர் இடம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, முதியோரும் அவர்கள் வாழும் தெருவும் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன ஆண்டுவரை தினமும் மாலையில் நூலகம்வரை நடந்துபோய் வருவார். இப்போது "வேண்டாம்மா, அலுப்பாக இருக்கிறது" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். காரணம் உடம்பா, மனமா என்று புரியவில்லை.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண்புரை, முழங்கால் வலி, காது மந்தம், மனச்சோர்வு ஆகிய எல்லாமே "அலுப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளக்கூடியவை. ஆனால் உடம்பையும் மனத்தையும் சந்தேகித்துவிட்டுத் தெருவைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் மாலை அவரோடு நூலகம்வரை அவருடைய வேகத்திலேயே நடந்து பாருங்கள்.

வீட்டுக்கு வீடு காரை ஏற்றுவதற்காகத் தெருவுக்குள் நீட்டிக் கட்டிய சிமென்ட் சரிவுகள், ஒன்று ஒரு சாண், அடுத்தது ஒரு முழம் என்று ஆளுக்கொரு உயரத்தில் இருக்கும். அவற்றில் ஏறி இறங்க முடியாமல் அவர் தார்ச்சாலையின் நடுப்பக்கமாக ஒதுங்குவார். பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் ஒலிப்பானை அழுத்துவார். நடைபாதை இருந்தாலும் அதன் மேல் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். சிக்னல்களில் பாதசாரிகளுக்கான நேரத்தை, ஓர் ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்கிடுவது பொதுவழக்கம். அந்தக் கணக்கில் 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 10 நொடி போதும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவருக்கு 15 நொடி வேண்டும். மீதி 5 நொடியை அவர் வண்டிகளுக்கு நடுவே கழிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றை அவராகச் சொல்லமாட்டார் என்பதால் நான் சொல்கிறேன். வழியில் கழிப்பறை இல்லை. வெளியே கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெரியவர்கள் பலர். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெளியே போகும் நாளில் மாத்திரையையே தள்ளிப்போடுவதும் உண்டு. இதை மருமகளிடம் சொல்ல எந்த மாமனாருக்கும் நா எழாது. மகனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

நம் பழைய தெருக்களில் திண்ணை இருந்தது. அதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை, ஏனென்றால் எல்லோராலும் எல்லாத் திண்ணைகளிலும் உட்கார முடிந்ததில்லை. ஆனாலும் நடந்து களைத்த ஒருவர் இரண்டு நிமிடம் காலாற உட்கார அங்கங்கே ஓர் இடம் இருந்தது என்பது உண்மை. இன்று அந்த இடத்தில் இரும்புக் கேட் நிற்கிறது. நூலகத்துக்குப் போகும் வழியில் உள்ள மருந்துக்கடைக்காரரிடமோ மளிகைக்கடைக்காரரிடமோ வாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பாதி வழியில் ஒரு நாற்காலி இருக்கிறது என்று தெரிந்தாலே முழு வழியையும் நடக்கத் துணிவு வரும். நூலகத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தால், திறந்து வைக்கும்படி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். நடைபாதைக்கும் இருக்கைக்கும் மாநகராட்சியில் மனுக் கொடுப்பதும் அவசியம்தான், ஆனால் அதற்குப் பதில் வரும்வரை நாற்காலியை நிறுத்திவைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். முதியோருக்காக இந்த ஆண்டு 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். அக்டோபர் 1, சர்வதேச முதியோர் தினத்தன்று 70 வயது கடந்த அனைவருக்கும் சால்வை அணிவித்து விருந்து வைக்கலாம் என்பது உறுப்பினர்களின் விருப்பம். உங்கள் யோசனை என்ன?
– வாசகர், மதுரை

பதில்: எழுபது வயதைக் கடந்தவர்களின் பீரோவில் சால்வைக்குப் பஞ்சமே இருக்காது. விருந்து நல்ல விஷயம், வையுங்கள். ஆனால் பணத்தைச் செலவழிக்கும் முன் அவர்களையே உட்காரவைத்துக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு உகந்த நகரங்கள் குறித்து ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதைத் தயாரிக்க முதலில் செய்த வேலையே, 22 நாடுகளின் 33 நகரங்களில் முதியவர்களைக் குழு குழுவாக அழைத்து, உங்கள் ஊரில் எது வசதி, எது தொல்லை என்று கேட்டதுதான். நம் நாட்டில் டெல்லியும் உதய்ப்பூரும் அந்த நகரங்களில் இருந்தன. அந்த வழிகாட்டியில் பூங்காவும் பேருந்தும் வீடும் இருப்பதைப் போலவே, மரியாதை, தகவல், பொதுக் காரியங்களில் பங்கு ஆகியவையும் தனித்தனித் தலைப்புகளாக இருக்கின்றன.

உங்கள் சங்கக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பல சங்கங்களில் அது யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், இரவு எட்டு மணிக்கு நடக்கும். பிறகு "பெரியவர்கள் யாரும் வருவதில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். கூட்டத்தைத் தரைத்தளத்துக்கும் மாலை ஐந்து மணிக்கும் மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அறிவிப்புகளை வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல், பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசலிலும் ஒட்டுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கைப்பிடிக் கம்பி, படி விளிம்பில் பளிச்சென்ற வண்ணக் கோடு, எரியாத விளக்குகளுக்குப் பதில் புதியவை, சாய்மானமும் கைப்பிடியும் உள்ள நான்கு இருக்கைகள் ஆகியவற்றைத்தான் நான் முன்னால் வைப்பேன். கைப்பிடி இல்லாத சிமென்ட் பெஞ்சில் உட்காருவது எளிது, ஊன்றி எழுவதுதான் கடினம். சாய்தளம் கட்டுவதானால் கொத்தனாரின் கண்ணளவை நம்பாதீர்கள். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது விதி. தலா 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று அதைப் பாதியாகச் சுருக்கிவிட்டால், அது சக்கர நாற்காலிக்கும் ஆகாது, கைத்தடிக்கும் ஆகாது, பிள்ளைகள் சறுக்கி விளையாட மட்டுமே பயன்படும்.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 80 வயது இருக்கும். மகன் மேல்மாடியில்தான் இருக்கிறார், ஆனால் சாப்பாடுகூடச் சரியாகக் கொடுப்பதில்லை. நாங்கள் கொடுத்தால் சண்டைக்கு வருகிறார். அந்நியர்களாகிய நாங்கள் தலையிடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: தலையிடலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்த அம்மாவே மனுக் கொடுக்கலாம். அவரால் இயலாதபோது அவர் அனுமதிக்கும் வேறொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் அந்த அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "உங்களுக்கு என்ன செய்தால் நல்லதாக இருக்கும்?" என்று கேளுங்கள். மகன் மேல் புகார் என்றதும் பெரும்பாலான தாய்மார்கள் பின்வாங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதித்து, அவசரப்படுத்தாமல் இருங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் யோசிக்காமல் 112க்கு அழையுங்கள்.

வீட்டு வாசலுக்கு அரசின் ஆட்கள் வந்துபோவதும் ஒருவகைப் பாதுகாப்புதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் தனியாக வசிக்கும் முதியோருக்கு ரேஷன் பொருள்களும் வீடு தேடி வருகின்றன. அந்த அம்மா மகனின் குடும்ப அட்டையில் இருந்தால் ரேஷன் வீட்டுக்கு வராமல் போகலாம். மருந்துக்கு அந்தத் தடை இல்லை. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரின் கண்ணில் படுகிறோம் என்பதே சில மகன்களைத் திருத்திவிடும்.

கேள்வி: எனக்கு 71 வயது. மின்வாரியத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கே போனாலும் "நீங்கள் உட்காருங்கள் ஐயா" என்று நாற்காலி போடுகிறார்கள். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என எதிலும் ஒரு வேலையும் தருவதில்லை. மரியாதை என்ற பெயரில் ஒதுக்கிவைக்கிறார்களோ என்று தோன்றுகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பேருந்தில் "பெருசு, சீக்கிரம் ஏறு" என்று அதட்டுகிறவரும், மேடையில் உங்களை வலுக்கட்டாயமாக உட்காரவைக்கிறவரும் ஒருவகையில் ஒரே முடிவுக்கு வந்தவர்கள்தான், இரண்டாமவருக்குப் பணிவு கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர. வேலையை அவர்கள் தரும்வரை காத்திருக்காமல் நீங்களே ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது.

மின்கட்டணக் கணக்கும் பெயர் மாற்ற விண்ணப்பமும் பலருக்குப் புதிராக இருக்கின்றன. இணையத்தில்தான் செலுத்த வேண்டும் என்றதும் கைபேசியை நீட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் காத்திருக்கும் பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். உங்கள் ஊர் அரசுப் பொது நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணிவரை என்று வைத்துக்கொள்ளுங்களேன், விண்ணப்பம் நிரப்ப உதவும் ஓர் ஆளாக உட்காருங்கள். கைபேசி விஷயத்தில் உங்களுக்கே தடுமாற்றம் இருந்தால் கல்லூரி மாணவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படிவத்தின் மொழி புரியாது, உங்களுக்குச் செயலி புரியாது, இரண்டு பேரும் சேர்ந்தால் வேலை நடக்கும். முதல் வாரம் ஒருவரும் வராமல் போகலாம். நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே நேரத்துக்குப் போடுங்கள்.