ஸ்டீயரிங் அலைபாய்கிறதா? பாக்ஸ் திருகைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: என்னுடையது 25 ஆண்டுப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், முன்பக்கமும் முழு ஆக்சில்தான் (இரு சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும் வகை). 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வண்டி நேராகப் போவதில்லை. இடமும் வலமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸை (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி) இறுக்கினார்கள், ஸ்டீயரிங் அதிர்வைத் தணிக்கும் டேம்பரைப் புதிதாக மாற்றினார்கள். பலனில்லை. இப்போது வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதும் நின்றுவிட்டது. நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு கோர்க்கும் அசையும் இணைப்பு) போட்டு முன்பக்கத்தை 50 மி.மீ. உயர்த்தியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘தானாக நடுவுக்கு வருவதில்லை’ என்றீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. அலைபாயும் வண்டிகளில் இரண்டு ரகம். ஒன்றில் எங்கோ ஆட்டம் விழுந்திருக்கும். நீங்கள் திருப்புவது சக்கரத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். மற்றதில் எங்கோ இறுகியிருக்கும். சக்கரம் நேர்நிலைக்குத் திரும்ப மறுக்கும். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் வைத்தியம் நேரெதிர். ஆட்டம் எங்கே என்று பார்க்காமல் பாக்ஸை இறுக்கியதால் உங்கள் வண்டியில் இப்போது இரண்டும் சேர்ந்திருக்கலாம். பாக்ஸின் திருகை எத்தனை சுற்று இறுக்கினார்கள் என்று கேட்டு, அதே அளவு தளர்த்திவிட்டுத் தேடலைத் தொடங்குங்கள்.

டயரை முதலில் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. டயர் குளிர்ந்திருக்கும்போது இரு பக்கமும் ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டும்போது குணம் மாறினால் குற்றவாளி டயர். உயரமான கட்டைகள் கொண்ட சேற்று டயர்கள் தார்ச்சாலையில் கொஞ்சம் நெளியத்தான் செய்யும்.

அடுத்தது ஆட்டம் தேடுவது. வண்டி தரையில் நான்கு சக்கரங்களிலும் நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கினால் சுமை விலகி, பல மூட்டுகள் நல்லவைபோல நடிக்கும். டேம்பரின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். தேய்மானத்தை மறைப்பதைத் தவிர அலைச்சலுக்கு டேம்பர் ஒன்றும் செய்வதில்லை. பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். கை பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக ஆட்ட, நீங்கள் கீழே பார்வையிடுங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு மூட்டிலும் விரல்களை இரு பாகங்களுக்கும் குறுக்காக வைத்தால், கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ. ஆட்டமும் விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங்கிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் காலம் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயின்ட், பாக்ஸை சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், பாக்ஸிலிருந்து நீளும் பிட்மேன் ஆர்ம், அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் டிராக் லிங்க், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்டுகள் என்று மேலிருந்து கீழே வாருங்கள். பாக்ஸே சேசிஸோடு சேர்ந்து நெளிந்தால் போல்ட் தளர்வு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். துருவைச் சுரண்டிவிட்டு, போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் இது அபூர்வமல்ல. விரிசல் இருந்தால் சரிசெய்யும்வரை வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது.

ஆட்டும்போது ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் பக்கவாட்டில் நகர்ந்தால் ஸ்பிரிங், ஷேக்கிள் புஷ்கள் (இணைப்புகளிலுள்ள உறைகள்) போயிருக்கின்றன. (காயில் ஸ்பிரிங் வண்டிகளில் அதே இடத்தில், ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ்ஷையும் போல்ட் துளையையும் பாருங்கள்.)

இப்போது முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால், சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங், அல்லது அதே வேலையைச் செய்யும் பால் ஜாயின்ட்.

இறுக்கத்தைத் தேடுவதும் இதே நிலையில்தான். டிராக் லிங்கைச் சக்கரப் பக்கத்தில் கழற்றி, இரு சக்கரங்களையும் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்புங்கள். வழுவழுவென்று, சீரான எதிர்ப்போடு போக வேண்டும். நேர்நிலையில் ‘டக்’கென்று குழியில் விழுவதுபோல இருந்தால், கிங்பின் பேரிங்கின் ரேஸில் (உருளைகள் ஓடும் வளையத்தில்) பள்ளம் விழுந்திருக்கிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், உருளைகள் அதே இடத்தில் வருடக்கணக்கில் குத்திப் பதிந்த தழும்பு அது. சிறு திருத்தங்களுக்குச் சக்கரம் அசையாது. கொஞ்சம் அழுத்தினால் தேவைக்கு மேல் தாவும். ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டை) எடுத்து இறுக்கினால் நிலைமை மோசமாகும். பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். டிராக் லிங்க் கழன்றிருக்கும்போதே ஸ்டீயரிங்கையும் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு இருமுறை கனத்து இளகினால் யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது அந்த ஷேக்கிளைத்தான். சைக்கிளின் முன் கவட்டை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது. கிங்பின்னுக்கும் அதே சாய்வு உண்டு, பெயர் காஸ்டர். பல முழு ஆக்சில் வண்டிகளில் இது ஏறத்தாழ 3 டிகிரிதான், இழப்பதற்கு அதிகமில்லை. ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தால், நீளமான ஷேக்கிள் அந்த முனையைத் தாழ்த்தி, ஆக்சிலின் மேற்புறத்தை முன்னால் சாய்த்துவிடும், காஸ்டர் குறையும். ஷேக்கிள் பின்முனையில் இருந்தால் கூடும், அப்போது சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அலைன்மென்ட் கருவியில் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் பழைய ஷேக்கிளுக்கே திரும்புவதுதான் என் முதல் யோசனை. உயரம் வேண்டும் என்றால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே 2 அல்லது 3 டிகிரி ஆப்பு வைக்கலாம். அது எஃகில் இருக்கட்டும், அலுமினியம் நசுங்கி உடையும். ஸ்பிரிங் பட்டைகளைக் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் சற்று நீளமானது தேவைப்படும். ஆனால் கிங்பின் பின்னால் சாயும் அளவுக்கு முன் டிஃபரன்ஷியலின் பினியன் (புரப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழ்நோக்கித் திரும்பும். புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கெட்டு, முன் சக்கர ஓட்டம் போடும்போது அதிர்வு வரலாம்.

டோ அளவை (முன் சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கியிருந்தால் டோ இன், வெளிநோக்கியிருந்தால் டோ அவுட்) வண்டியின் கையேட்டில் பார்த்தே வையுங்கள். எப்போதும் பின் சக்கரத்தால் ஓடுபவற்றில் ஓரிரு மி.மீ. டோ இன் வழக்கம். நிரந்தர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் சிலவற்றுக்குக் கம்பெனியே டோ அவுட் கொடுத்திருக்கிறது.

பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆக்சிலரேட்டரை விடும்போது ஒரு பக்கமும் அழுத்தும்போது மறுபக்கமும் வண்டி இழுத்தால், பின் ஆக்சிலே நகர்ந்து வண்டியைத் திருப்புகிறது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் தளர்வு, சென்டர் போல்ட் முறிவு, பின் ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாக்ஸ். அதன் பற்கள் சரியான நடுவில் மட்டும் நெருக்கமாகவும், பக்கங்களில் வேண்டுமென்றே இடைவெளியோடும் செய்யப்பட்டவை. ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறதென்று யாராவது அதைக் கழற்றி நேராக மாட்டியிருந்தால், வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது. எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. டிராக் லிங்கைக் கழற்றி, முனையிலிருந்து முனைக்கு மொத்தச் சுற்றை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள். அதுதான் நடு. சக்கரங்கள் நேராக இருக்கும்போது டிராக் லிங்க் அந்த நிலையில் இழுக்காமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அதன் நீளத்தைத் திருத்துங்கள். பிறகு, லிங்க் கழன்றிருக்கும்போதே, லாக் நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு சுற்று வீதம் இறுக்கி, ஒவ்வொரு முறையும் நடுவைக் கடந்து திருப்பிப் பாருங்கள். நடுவில் மிக லேசான கனம் தெரிந்தால் போதும். சிக்குவதுபோல இருந்தால் திருகைப் பின்வாங்கி, லாக் நட்டை இறுக்கிவிட்டு, இன்னொரு முறை சுற்றிப் பாருங்கள்; நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகர்ந்துவிடுவது வழக்கம்.