செக்ஸ் எஜுகேஷனுக்கு எந்த சிலபஸை எடுக்கறது?

கேள்வி: எங்க ஸ்கூல்ல ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் பாலியல் ஆரோக்கியம் பத்தி பாடம் கொண்டு வரப் போறாங்க. செலக்ட் பண்ற கமிட்டில நானும் இருக்கேன். மூணு சிலபஸ் வந்திருக்கு. ஒண்ணு ரொம்ப மெலிசு, கல்யாணம் ஆகுற வரைக்கும் தள்ளி இருங்கன்னு சொல்றதுதான் மொத்த பாடமே. இன்னொண்ணு முழுக்க படமும் லேபிளும், பயாலஜி புக் மாதிரி. மூணாவதுல நிறைய ஆக்டிவிட்டி இருக்கு, ஆனா சில பக்கத்தைப் பார்த்ததுமே பாதி பேர் மூடி வச்சுட்டாங்க. எதை எடுக்கறது?
— ஒரு அம்மா

பதில்: அந்த மூடி வச்ச பக்கத்துலேர்ந்தே ஆரம்பிங்கம்மா. முன்னுரையெல்லாம் எல்லா புக்லயும் அழகாத்தான் இருக்கும், அதைப் படிச்சு முடிவு பண்ணாதீங்க.

முதல்ல, எழுதியிருக்கறது உண்மையான்னு பாருங்க. கன்னித்திரையை வச்சு ஒரு பொண்ணு உறவு வச்சிருக்காளா இல்லையான்னு கண்டுபிடிச்சிடலாம்னு ஒரு வரி இருந்தா அந்த புக்கை அப்படியே திருப்பி அனுப்பிடுங்க, அப்படி கண்டுபிடிக்கவே முடியாது, அந்த டெஸ்ட்டையே ஒழிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018லயே சொல்லியாச்சு. லேடெக்ஸ் காண்டத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு, அது வழியா எச்ஐவி போயிடும்னு எழுதியிருந்தாலும் அதே கதிதான். பாதி உண்மை சொல்றவங்களும் இருக்காங்க. காண்டத்தை ஒவ்வொரு தடவையும் சரியா பயன்படுத்தினா ஒரு வருஷத்துல 100 பொண்ணுங்கள்ல 2 பேருக்குத்தான் கர்ப்பம் வரும், ஆனா நிஜத்துல மறந்து போறது லேட்டா போடறது எல்லாம் சேர்த்தா அது 13 ஆகுது. இந்த ரெண்டு நம்பரையும் சொல்ற புக் நல்ல புக். 2 மட்டும் சொன்னா ஆசை காட்டுறான், 13 மட்டும் சொன்னா பயமுறுத்துறான்.

மெலிசு புக்கைப் பத்தி கேட்டீங்கன்னா, தள்ளி இருன்னு மட்டும் சொல்லிக் குடுக்கற பாடத்தால பிள்ளைங்க தள்ளி இருக்கறதில்லைன்னு ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வந்தாச்சு. முழுசா சொல்லிக் குடுத்தா கெட்டுப் போயிடுவாங்கன்னு பயப்படுறோமே, அதுவும் நடக்கலைன்னுதான் யுனெஸ்கோ 2018ல திருத்தி வெளியிட்ட வழிகாட்டில இருக்கு. கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்னு சொல்றது தப்பே இல்லை, சொல்லணும்கூட, ஆனா அது ஒரு பாடமா இருக்கட்டும், மொத்த புக்கும் அதுவா இருக்க வேண்டாம்.

பயாலஜி புக்ல என்ன குறைன்னா, கருக்குழாய் எங்க இருக்குன்னு பரீட்சைல கரெக்டா எழுதற பையன், "போட்டோ அனுப்பு, இல்லன்னா பேச மாட்டேன்"னு ஒருத்தர் மிரட்டினா என்ன பண்றதுன்னு தெரியாம நிப்பான். அதனால நான் பாக்கறது ஒண்ணுதான், இந்த பாடத்துல பிள்ளை வாயைத் திறந்து என்ன பழகிக்குது? வேண்டாம்னு சொல்லிப் பாக்குதா, எதிர்ல இருக்கறவங்க வேண்டாம்னு சொன்னா அதை ஏத்துக்கப் பழகுதா (இந்த ரெண்டாவது பல புக்ல இருக்கவே இருக்காது), யார்கிட்ட போய் சொல்றதுன்னு தெரிஞ்சுக்குதா. நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா மூணாவது புக்லதான் இது இருக்கற மாதிரி தெரியுது.

வயசு வரிசையும் பாருங்க. பொண்ணுங்களுக்கு 8லேர்ந்து 13, பசங்களுக்கு 9லேர்ந்து 14 வயசுக்குள்ள உடம்பு மாற ஆரம்பிச்சிடுது, பீரியட்ஸ் பத்தின பாடம் ஒன்பதாவதுல இருந்தா அது வரலாற்றுப் பாடம்தான். அப்புறம் ஒரே நாள்ல யாரையோ கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரம் பேச வச்சு முடிச்சிடறதெல்லாம் வேலைக்கே ஆகாது, ஒவ்வொரு வருஷமும் விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற மாதிரி இருக்கணும்.

மத்த பெற்றோருக்கு முழு புக்கையும் காட்டிடுங்க. பாதியை மறைச்சா வாட்ஸ்அப்ல அந்த பாதிதான் சுத்தும்.

கேள்வி: பசங்களையும் பொண்ணுங்களையும் தனித்தனியா உக்கார வைக்கணுமா?

பதில்: ஒண்ணா உக்கார வைங்க, நடுவுல சில வகுப்பு மட்டும் தனியா வச்சுக்கலாம், கேக்க கூச்சப்படற விஷயத்துக்கு. ஆனா பாடம் ஒண்ணாத்தான் இருக்கணும். பீரியட்ஸ்னா என்னன்னு பையனுக்கும் தெரியணும், தூக்கத்துல விந்து வெளியேறுறது நோய் இல்லைன்னு பொண்ணுக்கும் தெரியணும்.

கேள்வி: இந்த வகுப்பு எனக்குத்தான் வந்திருக்கு. பிள்ளைங்க ஏடாகூடமா கேட்டா எனக்கு வியர்த்துடுமே?
— ஒரு டீச்சர்

பதில்: வியர்க்கட்டும் டீச்சர், எல்லாருக்கும் வியர்க்கும். ஒரு பெட்டி வைங்க, எல்லாருக்கும் ஒரே மாதிரி துண்டு பேப்பர் குடுங்க, பேர் வேண்டாம், கேள்வி இல்லாதவங்களும் "கேள்வி இல்லை"ன்னு எழுதிப் போடணும்னு சொல்லிடுங்க, அப்பதான் யார் எழுதறாங்கன்னு யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. பதிலை அடுத்த வகுப்புல சொல்லுங்க, நடுவுல படிச்சுக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும். உங்க சொந்த வாழ்க்கை பத்தி கேட்டா பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் முதல் நாளே சொல்லிடுங்க, யாருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா அதை நான் ரகசியமா வச்சுக்க மாட்டேன், உதவி பண்ணக்கூடிய பெரியவங்ககிட்ட சொல்லுவேன்னு. அப்படி ஒரு சீட்டு வந்தா யார்கிட்ட போகணும்னு ஸ்கூல் நிர்வாகத்துகிட்ட இப்பவே எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.